மதுரை சபாக்களுக்கு ஒரு மடல்: எம்.எஸ். பெயரில், குழந்தைகளுக்காக ஒரு கச்சேரி

மதுரையின் சங்கீத சபாக்களுக்கும், விழாக் குழுக்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

செப்டம்பர் 16 எம்.எஸ். சுப்புலட்சுமியின் பிறந்தநாள். 1916-ல் நம் ஊரில் பிறந்து, அனுமந்தராயன் கோயில் தெருவில் வளர்ந்தவர். ஆண்டுதோறும் அந்த நாளில் மதுரையில் ஒரு நிதிக் கச்சேரி நடத்துங்கள். அதில் சேரும் பணம் தென் மாவட்டங்களிலிருந்து சிகிச்சைக்காக மதுரைக்கு வந்துபோகும் குழந்தைகளின் வழிச்செலவுக்கும், கூட வருபவர்களின் சாப்பாட்டுக்கும், தங்குவதற்கும் போகட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதைக் கேட்க எனக்குள்ள காரணங்களையும், எப்படி நடத்தலாம் என்ற யோசனையையும் இந்த மடலில் எழுதுகிறேன்.

பிறந்தநாள் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சிலை என்று ஆரம்பிப்பார். திருப்பதியில் எம்.எஸ்.ஸுக்குச் சிலை இருக்கிறது. இந்தியத் தபால் துறை தபால்தலை வெளியிட்டுவிட்டது. நூற்றாண்டில் ஐக்கிய நாடுகள் சபையும் தபால்தலை வெளியிட்டது. 1998-ல் பாரத ரத்னா. அதற்கு முப்பது வருடம் முன்பே, 1968-ல், சங்கீத கலாநிதி. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். இத்தனைக்கும் மேல் நாம் ஒரு நாற்சந்தியில் சிலை வைத்து, வருடத்துக்கு ஒரு தடவை மாலை போட்டு என்ன ஆகப்போகிறது? போக்குவரத்துக் காவலருக்கு இன்னொரு தலைவலிதான்.

அவருக்குக் கிடைத்த விருதுகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1974-ல் கிடைத்த மகசேசே விருது. அந்த விருதில் அப்போது இதழியல், இலக்கியம், படைப்புக் கலைகளுக்கு என்று தனிப் பிரிவே இருந்தது. ஆனால் எம்.எஸ்.ஸுக்கு அந்தப் பிரிவில் கொடுக்கவில்லை, பொதுச் சேவைப் பிரிவில் கொடுத்தார்கள். ஒரு பாடகிக்குப் பொதுச் சேவை விருது! காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1944-ல் கஸ்தூர்பா காந்தி நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் பாடினார். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிகள், பள்ளிகள், கோயில்கள் என்று இருநூறுக்கும் மேல் நிதிக் கச்சேரிகள் பாடியிருப்பார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பணம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. வயதான காலத்தில் பெரிய தோட்ட வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குக் குடிபோனவர் அவர். 1941-ல் கல்கி பத்திரிகை தொடங்கப் பணம் வேண்டும் என்றபோது சினிமாவில் நாரதராக ஆண் வேடமே போட்டார்! தன் குரலைக் கொண்டு இன்னொரு காரியத்துக்குப் பணம் சேர்ப்பது அவருக்குப் பாடுவதைப் போலவே பழகிப்போன வேலை.

அப்படிப்பட்டவரை அவர் பிறந்த ஊர் எப்படி நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்? இன்னொரு இலவசக் கச்சேரி, மூன்று வாழ்த்துரை, ஒரு ஞாபகார்த்த மலர் என்று முடித்துவிட்டால் அது அவருக்கு யாரோ செய்வது போல இருக்கும். அவர் செய்ததையே செய்தால்தான் அவருடைய பெயருக்குப் பொருத்தம்.

இடம் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குளிர்சாதன அரங்குகள் மதுரையில் இருக்கின்றன. தல்லாகுளத்தில் லட்சுமி சுந்தரம் ஹால் இருக்கிறது, ராஜா முத்தையா மன்றம் இருக்கிறது. வசதிக்கு எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் வருடக் கச்சேரியாவது வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. பாரதியார் 1904-ல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பள்ளி என்று வெளியூர்க்காரர்களுக்கு நாம் பெருமையாகக் காட்டுகிற அதே பள்ளிதான். எம்.எஸ். குழந்தையாக முதன்முதலில் சபையில் பாடியதும் அங்கேதான். பிற்காலத்தில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். தெருவில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தவரை யாரோ தூக்கி, கையைத் தட்டித் துடைத்து, பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனார்களாம். அங்கே அம்மாவின் வீணைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஐம்பது, நூறு பேர் இருந்திருப்பார்கள். அம்மா பாடச் சொன்னார், குழந்தை பாடியது. கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று அந்த வயதில் அவருக்கு விளங்கவில்லை.

குழந்தைகளுக்கான கச்சேரிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் எது? மழைக்காலம் நெருங்கும் மாதம் என்பதால் பந்தல் கெட்டியாகப் போட வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த மேடையில் அன்றைக்கு வாசித்துக்கொண்டிருந்த அம்மாவின் பெயர் சண்முகவடிவு. பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அக்கா தங்கை முறையில் வடிவாம்பாள் வீணை, சகோதரர் சக்திவேல் மிருதங்கம். அந்த வீடு முழுக்கச் சங்கீதம்தான். சென்னைக்குப் போன பிறகு எம்.எஸ்.ஸைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் இந்தப் பெண்கள் மெல்ல மெல்லப் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். 1936-ல் அவர் மதுரையை விட்டுக் கிளம்பிய சூழல் சந்தோஷமானதல்ல என்பதும், அதைப் பற்றி ஊரில் பல மாதிரியாகப் பேசினார்கள் என்பதும் பழைய கதை. அதைத் தோண்டச் சொல்லவில்லை. ஆனால் சென்னைக்காரர்கள் எம்.எஸ்.ஸைக் கொண்டாடும்போது விட்டுவிடுகிற பகுதி நம் ஊர்ப் பகுதிதான். ஆகவே நம் கச்சேரி ஒரு பெண் கலைஞரின் வீணையோடு தொடங்கட்டும். அரை மணி நேரம் போதும். அப்புறம் வாய்ப்பாட்டு. நடுவில் பசுமலை அரசு இசைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பங்கு. முதலில் நாதஸ்வரம் முழங்காமல் மதுரையில் எந்த நல்ல காரியம் ஆரம்பிக்கிறது? அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பணம் யாருக்கு, எதற்கு என்பது. இதைத்தான் அதிகம் பேச வேண்டும்.

"அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, காப்பீட்டுத் திட்டம் வேறு இருக்கிறதே, நாம் எதற்கு?" என்று உங்கள் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அரசு மருத்துவமனையில் மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் காசு வாங்குவதில்லை. தமிழ்நாட்டின் பொது மருத்துவம் பல மாநிலங்கள் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒன்று. அதனால்தான் நம் கச்சேரிப் பணத்தை ஊசி மருந்துக்கோ, இயந்திரம் வாங்கவோ கொடுக்க வேண்டாம் என்கிறேன். இயந்திரம் வாங்கிக் கொடுத்துப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள நன்கொடையாளர்கள் எப்போதும் கிடைப்பார்கள். ஆனால் சாயல்குடியிலிருந்து வரும் ஒரு அம்மாவின் பஸ் டிக்கெட்டில் யார் பெயர்ப்பலகை மாட்ட முடியும்?

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகை நன்றாகக் குணப்படுத்தக் கூடியது. ஆனால் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் நீளும். முதல் சில மாதங்கள் கடுமையானவை, அடிக்கடி ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருக்கும். அதற்குள் கையிலிருந்த காசு, கடன் வாங்கிய காசு, தோடு அடகு வைத்த காசு எல்லாம் கரைந்துவிடும். அதற்கப்புறம் தினமும் மாத்திரை, குறித்த நாட்களில் பரிசோதனை என்று நீண்ட இரண்டாம் கட்டம். முடி திரும்ப முளைத்து, பிள்ளை ஓடியாடி விளையாடுவாள். "நல்லாத்தான இருக்கா, இந்த மாசம் போகாட்டி என்ன" என்ற எண்ணம் அங்கேதான் நுழைகிறது. நடுவில் சிகிச்சையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அப்படி நிறுத்தும் பெற்றோரை அறியாமை என்று சொல்லித் திட்டுவது சுலபம். அன்றாடக் கூலிக்குப் போகிற அப்பாவுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு, வழிச்செலவு தனி. காப்பீட்டு அட்டையில் இதற்கு இடமில்லை.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். இது வருடக்கணக்கு அல்ல, வாழ்நாள் கணக்கு. இதய அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளைகள் மறுபரிசோதனைக்கு வர வேண்டும். சிறு வயதிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோய்ப் பிள்ளைகள் வர வேண்டும். எல்லோருக்கும் மருந்து இங்கே இருக்கிறது, வீடு அங்கே இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். கம்பம் பக்கத்திலிருந்து வருபவர்கள் விடியுமுன் கிளம்பி ஆரப்பாளையத்தில் இறங்குவார்கள், ராமநாதபுரம் பக்கத்தவர்கள் மாட்டுத்தாவணியில். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு டவுன் பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து இலவசம், நல்ல விஷயம். ஆனால் செலவு டவுன் பஸ்ஸில் இல்லை, ஊரிலிருந்து மதுரை வருகிற பஸ்ஸில் இருக்கிறது. ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் சலுகை உண்டு. ரயில் போகாத ஊர்களுக்கு அது உதவாது.

அப்புறம் ராத்திரிக் காய்ச்சல். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் சமயத்தில் காய்ச்சல் வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். 108 இருக்கிறது, ஆனால் அது பொதுவாகப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும். முதலுதவி முடிந்து அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து மதுரைக்கு வர இரவு பதினொரு மணிக்கு யாரிடம் கடன் கேட்பது? இந்த நிதியில் ஒரு பங்கு அந்தக் காருக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். கணக்கை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு பணம் தேறும்? பெரிதாகக் கனவு காண வேண்டாம். 600 பேர் உட்காரும் பந்தல், சராசரி டிக்கெட் 500 ரூபாய் என்றால் 3 லட்சம். ஒரு குழந்தையும் பெரியவர் ஒருவரும் வந்துபோக, சாப்பிட, 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 375 பயணம் ஆகிறது. பத்து நோயாளி வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பத்துப் பிள்ளைகளும் ஒரு மாதம்கூட விடாமல் வந்து சிகிச்சையை முழுசாக முடிக்க இது தாராளம். ஆயிரம் பேருக்கு ஆளுக்கு முந்நூறு கொடுத்துப் படம் பிடிப்பதைவிடப் பத்துப் பேரைக் கடைசி வரை கூட்டிக்கொண்டு போவது மேல். இதில் உங்களில் சிலர் என்னோடு சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

நிதிக் கச்சேரி என்ற பெயரில் நடந்த சில நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஊர் பெயரும் சபா பெயரும் வேண்டாம். ஒன்றில் பொன்னாடை போர்த்துவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. சால்வைக்குக் காசு, மேடை அலங்காரத்துக்குக் காசு, வெளியூர் விருந்தினருக்கு ஓட்டல் அறைக்குக் காசு. முதல் நான்கு வரிசையும் இலவச பாஸ். கடைசியில் எந்தக் காரியத்துக்காகக் கூடினோமோ அதற்கு எவ்வளவு போனது என்று யாரும் சொல்லவே இல்லை. கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அது இங்கே நடக்கக் கூடாது. டிக்கெட் பணத்தைத் தொடாதீர்கள். பந்தல், ஒலிபெருக்கி, பயணச் செலவு எல்லாவற்றையும் நான்கைந்து கடைக்காரர்கள் தனியாக ஏற்றுக்கொள்ளட்டும். மதுரையில் அதற்கு ஆள் கிடைக்காமல் போகாது. கலெக்டராக இருந்தாலும், சபா காரியதரிசியின் மைத்துனராக இருந்தாலும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். சால்வை வேண்டவே வேண்டாம். மேடையில் பேச்சு மொத்தம் பத்து நிமிடம், அதில் மூன்று நிமிடம் குழந்தைகள் பிரிவு மருத்துவர் ஒருவர் பணம் எப்படிச் செலவாகும் என்று சொல்லட்டும். மீதியை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

கலைஞர்கள் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. "எம்.எஸ். காசு வாங்காமல் பாடினாரே" என்று சொல்லி எல்லோரையும் இலவசமாக வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். பெயர் பெற்ற பாடகர் ஒருவர் விரும்பினால் சன்மானத்தை விட்டுக்கொடுக்கட்டும், அது அவர் பெருமை. மிருதங்கம், கடம், தவில் வாசிப்பவர்களுக்கு அந்த மாத வீட்டு வாடகையே கச்சேரியில்தான் இருக்கும். ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்காக இன்னொரு ஏழை வீட்டில் கை வைப்பது என்ன தர்மம்? பக்கவாத்தியக்காரர்களுக்கு முழுச் சன்மானம், கச்சேரி முடிந்த அன்றே, கையில்.

குழந்தைகளை மேடைக்கு அழைக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். முடி கொட்டிய தலையோடு, முகக்கவசத்தோடு ஒரு பிள்ளையை விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, பெரிய அட்டையில் எழுதிய காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது நம் விழாக்களில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தொற்றுக்குப் பயந்து கூட்டத்துக்குள் போகாதே என்று மருத்துவர் சொல்லியிருக்கும் பிள்ளையை அறுநூறு பேர் நடுவில் கொண்டுவருவது மருத்துவ ரீதியிலும் தவறு. நாளைக்கு அந்தப் பெண் குணமாகி, பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய், கல்யாணம் பேசும்போது அந்தப் படம் எங்கோ கிடக்கும். பெயர் வேண்டாம், படம் வேண்டாம். டிக்கெட் வாங்கியவர் நம்ப வேண்டியது கணக்கை.

கணக்கைப் பார்க்க ஒரு சின்னக் குழு போதும். மருத்துவமனை டீன் அனுமதியோடு குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு மருத்துவர், யார் வீட்டில் என்ன நிலைமை என்று நன்றாகத் தெரிந்த நர்ஸ் ஒருவர், சபாவிலிருந்து ஒருவர், ஒரு ஆடிட்டர். யாருக்குக் கொடுப்பது என்பதில் கடைசி வார்த்தை மருத்துவருக்கும் நர்ஸுக்கும்தான், சபாவுக்கு அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதிச் சபா வாசலில் ஒட்டுங்கள்.

பணம் உள்ளவர் இல்லாதவருக்கும் சேர்த்துக் கொடுப்பது மதுரைக்குப் புதிதல்ல. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். கட்டணம் கட்டுபவர்களின் பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் அதே டாக்டர், அதே சிகிச்சை என்பது அங்கே நடைமுறை. அதையே டிக்கெட்டிலும் செய்யலாம். 2,000 ரூபாய் டிக்கெட்டும் இருக்கட்டும், 50 ரூபாய் டிக்கெட்டும் இருக்கட்டும். ஐம்பது ரூபாய்க்காரரும் முன்வரிசையில் உட்கார வழி வேண்டும். முதலில் வந்தவருக்கு முதல் நாற்காலி என்று வைத்துவிடுங்கள், சண்டை வராது. வந்தாலும் பரவாயில்லை, ஒரு வருடத்தில் பழகிவிடும்.

வார்டுக்குள்ளேயே போய்ப் பாடலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நர்ஸுகளிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். தூங்காத குழந்தை அப்போதுதான் தூங்கியிருக்கும்.

நம் பெரியாஸ்பத்திரி ராஜாஜியின் பெயரில் இருக்கிறது. முன்பு அது எர்ஸ்கின் மருத்துவமனை. ராஜாஜி எம்.எஸ். குடும்பத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடிய ஆங்கிலப் பாடலை எழுதியவர் அவர். நியூயார்க்கில் ஒன்றாகக் கேட்ட அந்த இரண்டு பெயர்களும் கோரிப்பாளையத்தில் ஒரு ரசீதுப் புத்தகத்தில் சேர்ந்து இருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். எந்தப் பாடகரைக் கூப்பிடலாம் என்ற விவாதத்தில் ஆரம்பித்தால் மார்கழி வந்துவிடும். முதலில் டீனைப் பார்த்து அனுமதிக் கடிதம் வாங்குங்கள், அடுத்து ஆடிட்டர், மூன்றாவது பள்ளி நிர்வாகம். பாடகர் நான்காவது. எல்லாச் சபாக்களும் சேர்ந்து ஒரே கச்சேரியாக நடத்த முடிந்தால் நல்லது. முடியாது, எங்கள் பெயர்தான் மேலே வர வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒரு சபா என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் சீட்டுப் போட்டு முதல் வருடம் யார் என்று தீர்மானித்துவிட்டு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாசி வீதிகள் நான்கிலும் கடை கடையாக ஏறி டிக்கெட் விற்பதை நானும் என் நண்பர்களும் பார்த்துக்கொள்கிறோம். ஐம்பது ரூபாய் டிக்கெட்டை முதலில் கொடுங்கள், அதுதான் வேகமாக விற்கும்.

அன்புடன்,
மதுரை ரசிகர் ஒருவர்